பிடிபட்ட வண்டி ஹாரன் அடித்தது

"என் வண்டியே என்னைப் பாத்து ஹாரன் அடிச்சுதுங்க. ஓரமா போன்னு!"

காய்கறிக்காரி இப்படிச் சொல்லிவிட்டுப் போன நாளிலிருந்துதான் இந்தத் தலைவலி ஆரம்பம்.

ஒரு விபத்துக் கேஸில் அவளுடைய சின்ன வேனைப் பிடித்து ஸ்டேஷன் முற்றத்தில் நிறுத்திவிட்டார்கள். கேஸ் முடிகிற வரைக்கும் வண்டி அங்கேதான் கிடக்க வேண்டும். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து விற்றாள். ஒரு மத்தியானம் முதுகுக்குப் பின்னால் ஹாரன். அவள் புருஷன் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டு மாட்டின ஹாரன் அது. மாடு கத்துகிற மாதிரி இழுத்துக்கொண்டு போகும். திரும்பிப் பார்ப்பதற்குள் வேன் செங்கல் சுமையோடு அவளைத் தாண்டிப் போய்விட்டது. நம்பர் பலகை புதுசு. நசுங்கின பின்கதவு பழசு.

பிடித்து வைத்த வண்டிகளை ஸ்டேஷன்காரர்களே வாடகைக்கு விடுகிறார்கள் என்பது புகாரைக் கேட்ட பெண் இன்ஸ்பெக்டருக்கு அப்போதே புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? "ஹாரன் சத்தத்தைக் கொண்டுபோய்க் கூண்டுல ஏத்தவா முடியும்? கையும் களவுமா பிடிங்க" என்றார் மேலதிகாரியான பெரிய ஐயா. சரியான பேச்சுதான். மூன்று முறை திடீர்ச் சோதனைக்குப் போனாள். மூன்று முறையும் எல்லா வண்டியும் நல்ல பிள்ளை மாதிரி வரிசையாக நின்றது. அந்த ஸ்டேஷனின் இன்ஸ்பெக்டர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுகிற ஆள், வாசல் வரைக்கும் வந்து வரவேற்றார்.

மூன்றாவது தடவை அவள் குனிந்து பார்த்தாள். அசையாமல் கிடக்கிற வண்டிக்கு அடியில் புல் வெளிறிப் போயிருக்கும். மற்ற வண்டிகளுக்கு அடியில் அப்படித்தான் இருந்தது. வேனுக்கு அடியில் மட்டும் புல் பச்சையாகத் தலையை ஆட்டியது. வேன் மேலோ மொத்தமாகத் தூசி.

"பவுடர் போட்டு உக்கார வச்சிருக்காங்க மேடம், பொண்ணு பாக்க வர்ற மாதிரி" என்றான் கூட வந்த கான்ஸ்டபிள், ரேடியோ என்று பட்டப்பேர் வாங்கினவன்.

ஆக, இவர்கள் வருவது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. யார் சொன்னது?

அந்தக் கேள்விதான் இன்று காலை அவள் மேஜை மேல் ஒரு தாளாக வந்து கிடந்தது. பெரிய ஐயா அனுப்பியது. சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்.

மேஜை என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். உடைந்த ஹெல்மெட்டுகளைப் போட்டு வைத்திருந்த அறையைக் காலி செய்து, காவல் துறைக்குள் நடக்கிற தப்பை விசாரிக்கிற தனிப் பிரிவு என்று பலகை மாட்டிக் கொடுத்திருந்தார்கள். ஹெல்மெட் நாற்றம் மட்டும் போகவில்லை. கார் கேட்டாள், பார்க்கலாம் என்றார்கள். ஆள் கேட்டாள், யாரும் வர மாட்டேன் என்கிறார்கள் என்றார்கள். கதவுக்குப் பூட்டுக் கேட்டாள், பூட்டு வந்தது. சாவி இன்னும் வரவில்லை. இருபது வருஷமாகக் கூட வேலை பார்த்தவர்கள் எல்லாம் அவளை நடைபாதையில் பார்த்தால் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள். குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டு அம்மா கோலமாவுக்குக்கூட இப்போது அவள் கதவைத் தட்டுவதில்லை.

வந்து சேர்ந்த ஒரே ஆள் ரேடியோ. மீசையின் ஸ்டேஷனிலேயே கான்ஸ்டபிளாக இருந்து, தானாகக் கேட்டு வந்தவன். நாற்பதைத் தாண்டிய தொப்பை, இரண்டு பெண் பிள்ளைகள், மூடாத வாய்.

"என்ன மேடம் தாள், எனக்கு பதவி உயர்வா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன், எதிர்ப் பக்கத்தில் நின்றபடி தலைகீழாகவே அதைப் படித்துவிட்டான். போலீஸ்காரனுக்கு அது கை வந்த கலை. படித்ததும் உட்கார்ந்தான்.

"என்னை மறுபடி அந்த ஸ்டேஷனுக்கே அனுப்பச் சொல்லியிருக்காரு."

"ம்."

"விஷயத்தை வெளிய சொன்னது நான்தான்னு."

"நாம ரெண்டு பேருதான்யா இருக்கோம். நான் இல்லேன்னா நீ. அவர் அப்படித்தான் கணக்கு போடுவாரு."

"அங்க போனா என்னை ஊறுகா போட்டுருவாங்க மேடம். வந்த மாசமே என் பைக் டாங்க்ல மண்ணு போட்டாங்க. இப்ப திரும்பிப் போனா என் வாயிலயே போடுவாங்க." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "நீங்க என்ன நெனைக்கிறீங்க? நான்தான்னா?"

இரண்டாவது சோதனை முடிந்த ராத்திரி தூக்கம் வராமல் கிடந்து, இவனாக இருக்குமோ என்று அவளும் நினைத்தாள். அதனால்தான் மூன்றாவது தடவை இவனிடம்கூடச் சொல்லாமல், வாடகைக் காரில் ஏற்றி உட்கார வைத்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று சொன்னாள். அப்புறமும் பவுடர் போட்டுத்தானே உட்கார்த்தி வைத்திருந்தார்கள்?

"நீ இல்ல" என்றாள். "மூணாவது தடவை நமக்குள்ள யாருக்குமே தெரியாது, எனக்கு மட்டும்தான் தெரியும். அப்ப என்கிட்ட இருந்துதான்யா போகுது."

ரேடியோ முழித்தான். "நீங்க யாருகிட்ட பேசுறீங்க மேடம்? உங்ககிட்டதான் யாருமே பேசுறதில்லையே! உங்க வீட்டுச் சுவத்துக்கே உங்க குரல் மறந்து போயிருக்கும்."

சொன்ன பிறகுதான் அது எங்கே போய்த் தைத்தது என்று அவனுக்குத் தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்க."

"சரியாத்தான் சொன்னே. எழுந்திரு. அன்னிக்குக் காலைல நான் என்னென்ன செஞ்சேனோ அப்படியே மறுபடி செய்யறேன். கூட வந்து பாரு. நான் வாயைத் திறக்காம எப்படிச் சொல்றேன்னு கண்டுபிடி."

குவார்ட்டர்ஸிலிருந்து ஆரம்பித்தார்கள். கதவைப் பூட்டினாள். படி இறங்கினாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி வந்தாள். "யாருக்காவது வணக்கம் வச்சீங்களா?" "வச்சேன். திரும்ப வரல." "செருப்பு? அன்னிக்கு வேற செருப்பா?" "அதே செருப்பு." "தலைல பூ கீ?" அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ரேடியோ கொஞ்ச நேரம் ஆஃப் ஆனான்.

அப்படியே மெஸ்ஸுக்குள் நுழைந்தார்கள். காலைக் கூட்டம் கலைந்திருந்தது. நீளப் பெஞ்சுகள், துடைத்த ஈரம். சுவர் ஓரமாகத் தட்டு அலமாரி. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஆளுடைய நம்பர் வெட்டியிருக்கும்.

"இங்க வந்து டீ குடிச்சேன். ஓரத்து பெஞ்சுல. தனியா. டம்ளரைக் கழுவி வச்சேன். அப்புறம்…"

அவள் கை தன்பாட்டுக்கு அலமாரிக்குப் போனது. தன் தட்டை எடுத்தது. கவிழ்த்து வைத்தது.

இரண்டு பேரும் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானம் சாப்பிட வரவில்லை என்றால் தட்டைக் கவிழ்க்க வேண்டும். மெஸ்காரர் கவிழ்ந்த தட்டுகளைக் கழித்துவிட்டு அரிசி போடுவார். பயிற்சிப் பள்ளியில் முதல் வாரமே மண்டையில் ஏற்றுகிற பழக்கம் இது. சோறு வீணானால் மைதானத்தைச் சுற்றி ஓட விடுவார்கள். வேறு வேலையில் இருக்கிறவன் செய்ய மாட்டான், போலீஸ்காரன் தூக்கத்தில்கூடச் செய்வான். மூன்று சோதனை நாளும் அவள் செய்திருந்தாள்.

"அட கடவுளே" என்றான் ரேடியோ. "போஸ்டர் ஒட்டிட்டுப் போயிருக்கோம் மேடம். 'இன்று நம்ம அம்மா வெளியூர் பயணம்'னு."

மற்ற நாள் எல்லாம் அவளுக்கு வெளியே போகிற வேலையே கிடையாது. ஒரே ஒரு ஸ்டேஷனைத்தான் விசாரிக்கிறாள் என்பதும் ஊருக்கே தெரியும். தட்டு கவிழ்ந்தால் மீசையின் முற்றத்தில் வண்டிகள் வீடு திரும்பிவிடும்.

மெஸ்காரர் கரண்டியோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, இன்னிக்கு சாப்பாடு வேண்டாமா?"

அவள் சட்டென்று தட்டை நிமிர்த்தினாள். "வேணும்ணே. சும்மா துடைச்சேன்."

"நீங்களாவது வாங்க. பக்கத்துத் தட்டுக்காரருதான் இன்னிக்கும் கவுத்துட்டுப் போயிட்டாரு." மெஸ்காரர் ரகசியம் சொல்கிற மாதிரி குரலை இறக்கினார். "தம்பிக்கு இன்னும் கோவம் தீரல போல. நீங்க வர்ற அன்னிக்கு அவரு வர்றதில்ல. நீங்க இல்லாத அன்னிக்குத் தவறாம வந்து உக்காந்து சாப்பிடுறாரு. நீங்கதாம்மா ஒரு வார்த்தை பேசணும். கூடப் பொறந்தவங்க இப்படி இருக்கலாமா?"

அவள் தட்டுக்கு அடுத்த தட்டு அவள் தம்பியுடையது. மோட்டார் பிரிவில் ரிசர்வ் டிரைவர். கூப்பிட்டால் மட்டும் போகிற வேலை. முன்பெல்லாம் தினமும் எதிரே உட்கார்ந்து அவள் ஒதுக்குகிற வெங்காயத்தை எல்லாம் தன் தட்டுக்கு இழுத்துக்கொள்வான். அவள் இந்தப் பிரிவுக்கு வந்த அன்றோடு பேச்சு நின்றது. 'அக்கா போலீஸையே பிடிக்கிற போலீஸ்'னு மற்றவர்கள் கேலி செய்திருப்பார்கள், ரோஷம் வந்திருக்கும், ஆறட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போகிறான் என்று நினைத்து, வேண்டுமென்றே வெளியே வேலை வைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நாள் யோசித்தாள். அவனாவது சூடாகச் சாப்பிடட்டும் என்று.

"பேசறேன்ணே" என்றாள் மெஸ்காரரிடம்.

வெளியே வந்ததும் நடையை எட்டிப் போட்டாள். "வாய்யா. என் தட்டு நிமிந்து இருக்கு. நான் இங்க சாப்பிடப் போறேன்னு நெனைச்சுக்கிட்டு இருப்பாங்க. இதை விட்டா வேற நாள் இல்ல."

மோட்டார் பிரிவு வண்டி கேட்டால் ஊருக்கே தெரியும். டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் ரேடியோ. பாதி வழி வந்தும் அவன் வாயைத் திறக்கவில்லை.

"என்னய்யா, ரேடியோ ஓடல?"

"பேட்டரி தீந்து போச்சு மேடம்" என்று சொல்லிவிட்டு அவன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

முற்றத்துக் கேட் திறந்தே கிடந்தது. வேன் நின்ற இடத்தில் பச்சைப் புல் மட்டும் இருந்தது. இன்னும் இரண்டு வண்டிகளின் இடமும் காலி. ரேடியோ செல்போனை எடுத்துப் படம் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மீசை உள்ளே இருந்து ஓடி வந்தார். சட்டையில் ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தது.

"மேடம்! இன்னிக்கா… நீங்க இன்னிக்கு மெஸ்லதானே சாப்பாடு?"

"அவங்க எங்க சாப்பிடுறாங்கன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?" என்றான் ரேடியோ. "உங்க வீட்டுல விருந்துக்குக் கூப்பிடலாம்னு இருந்தீங்களா?"

மீசை அவசரமாகப் பட்டனைச் சரிசெய்ய ஆரம்பித்தார்.

"உள்ள போய் உக்காருங்க" என்றாள் அவள். "செல்போனை மேஜை மேல வச்சிடுங்க. யாருக்கும் பேசக் கூடாது."

அவர் போனார். ரேடியோ அவள் பக்கத்தில் வந்து நின்றான். காலி இடத்தைப் பார்த்தான், கேட்டைப் பார்த்தான், தன் ஷூவைப் பார்த்தான்.

"மேடம், படம் எடுத்தாச்சு. வண்டி இல்ல. இது போதும். கிளம்பிடலாம்."

"ஓட்டிட்டுப் போனவன் யாருன்னு பாக்க வேண்டாமா?"

"வேண்டாம் மேடம்."

"ஏன்?"

"என் மேல பழி விழாம இருக்க இதுவே போதும். இல்ல, விழுந்தாலும் பரவால்ல. நான் இந்த ஸ்டேஷனுக்கே வந்துடறேன். எனக்குப் பழகின மண்ணுதான். டாங்க்ல போட்டா கழுவிக்குவேன்." அவன் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. "பஸ் இப்ப வந்துரும். வாங்க மேடம்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. பஸ்ஸில் இவன் ஏன் பேசவில்லை என்பது. அலமாரியில் இவன் பார்த்தது ஒரு தட்டை அல்ல, இரண்டு தட்டை. ஒன்று நிமிர்ந்தால் இன்னொன்று கவிழ்கிறது. அவள் வெளியே போகிற நாளில் தம்பிக்கு ஓட்ட வண்டி இல்லை, மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். அவள் உள்ளே இருக்கிற நாளில் அவனுக்குச் சாப்பிட நேரமில்லை. இத்தனை மாசமாக அதைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு அவள் கோபம் என்று படித்திருக்கிறாள்.

கால் கேட் பக்கம் இரண்டடி போனது. போய்விடலாம். வண்டி வருவதற்குள் போய்விட்டால் யார் என்று தெரியாமலே போய்விடும். தெரியாத வரைக்கும் அவளுக்கு ஒரு தம்பி கோபமாக இருப்பான்.

"அப்படியே வந்துடுங்க மேடம்."

"இல்லய்யா. நான் இங்கதான் நிக்கப் போறேன்."

கேட்டுக்கு வெளியே மாடு கத்தின மாதிரி ஹாரன் இழுத்தது.

வேன் உள்ளே வந்தது. சாமான் இறக்கின வண்டி, கதவு முழுக்கச் செங்கல் பொடி. பழகின கையாக ஒரே வளைவில் பின்னால் எடுத்து, பச்சைப் புல் மேல் சரியாக நிறுத்தியது. கதவு திறந்து இறங்கினவன் யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். நிமிர்ந்தான்.

"அக்கா."

இத்தனை மாசத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. அடுத்ததும் அவனை அறியாமல் வந்துவிட்டது.

"உன் தட்டு நிமிந்துதானே இருந்துச்சு…"

என்ஜின் ஆறுகிற சத்தம் மட்டும் டிக் டிக் என்று கேட்டது.

"கோவம்னு நெனைச்சேன்டா" என்றாள் அவள்.

"கோவம்லாம் இல்லக்கா. உன் மேல எனக்கு என்ன கோவம்? பேசினா உளறிடுவேன்னு… உன் எதிர்ல உக்காந்து பொய் சொல்ல வராது எனக்கு. அதான் பேசல." அவன் இடுப்புச் சட்டையை அவிழ்த்துப் போட்டுக்கொள்ளப் பார்த்தான். சட்டைக் கைக்குள் கை நுழையவில்லை. "வீட்டுல அவளுக்குத் தெரியாதுக்கா. நீ சொல்லிடாதே. நானே… இந்த ஒரு தடவை விட்டுடேன். வண்டி எதுவும் காணாமப் போகலியே. இங்கதானே நிக்குது."

"இந்த வேன்காரி கூடையைத் தூக்கிட்டு நடக்கறாடா. அவளைப் பாத்து ஹாரன் அடிச்சிருக்கே."

"யாருன்னு தெரியாதுக்கா. ரோட்டு நடுவுல போயிட்டு இருந்தாங்க…"

அவள் செல்போனை எடுத்துப் பெரிய ஐயாவைக் கூப்பிட்டாள். தள்ளிப் போகவில்லை, அவன் எதிரிலேயே பேசினாள்.

"ஐயா, வண்டியோட பிடிச்சாச்சு. ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் உள்ள உக்காந்திருக்காரு. சேதி சொன்னதும் வண்டி ஓட்டினதும் மோட்டார் பிரிவு டிரைவர்… ஆமாங்கய்யா. என் தம்பிதான்."

"நீங்க விசாரிக்கக் கூடாதும்மா. கூடப் பொறந்தவன். நாளைக்குக் கோர்ட்ல நிக்காது. நான் வேற பிரிவுல இருந்து யாரையாவது அனுப்பறேன்" என்றார்.

"வேற பிரிவுல இருந்து வர்றவங்களும் அதே மெஸ்லதான் சாப்பிடுறாங்க ஐயா. என் பிரிவுல இன்னொருத்தர் இருக்காரு. அவர் எழுதுவாரு."

"அந்த வாயாடியா? அவரைத்தானே இன்னிக்குத் திருப்பி அனுப்பணும்னு தாள்…"

"அதுல நான் கையெழுத்து போடலைங்க. போட மாட்டேன்."

போனை வைத்தாள். பையிலிருந்து வாக்குமூலத் தாள்களை எடுத்து ரேடியோவிடம் நீட்டினாள். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"எனக்குப் பேசத்தான் மேடம் வரும். எழுத வராது."

"அவன் சொல்றதை அப்படியே எழுது. ஒரு வார்த்தை கூட்டாதே, குறைக்காதே. எனக்காகவும் குறைக்காதே. புரியுதா? நம்ம பிரிவோட முதல் கேஸ்யா இது."

"மேடம்…"

"வாங்கிக்கோ."

வாங்கிக்கொண்டான். தம்பியை உள்ளே அழைத்துப் போய் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவனுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தான். எதிரே உட்கார்ந்து பேனா மூடியைக் கழற்றினான்.

அவள் வெளியே ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றாள். வெயில் முற்றத்தில் தகதகத்தது. ரேடியோவின் குரல் கேட்டது. கேலி இல்லாத, வேறு யாருடையதோ மாதிரியான குரல்.

"பேரு?"

தம்பி சொன்னான்.

"அப்பா பேரு?"

நாற்காலி கிரீச்சிட்டது. பிறகு அவன் மெதுவாக அந்தப் பெயரைச் சொன்னான்.

விசாரணை நடக்கும்போது உறவுக்காரர் காதுக்கு எட்டுகிற தூரத்தில் நிற்கக் கூடாது என்பது விதி. அவளுக்குத் தெரிந்த விதி. மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். அவள் ஜன்னலை விட்டு நகர்ந்தாள். வண்டிகளைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டின் அந்தப் பக்கம் போய், ஒரு சொல்லும் காதில் விழாத இடம் பார்த்து நின்றுகொண்டாள்.